பெயரில் இடது, இருப்பது வலது: டென்மார்க் லிபரல் கட்சிகள் கேள்வி பதில்

கேள்வி: 'வென்ஸ்ட்ரே' என்றால் டேனிஷில் 'இடது'தானே சார்? அதை ஏன் வலதுசாரிக் கட்சி என்கிறார்கள்?

பதில்: 1870-ல் வைத்த பெயர் அது. அன்றைக்கு வலது என்றால் பெரும் நிலக்காரர்களும் அரசரின் அமைச்சர்களும். எதிரே நின்ற விவசாயிகள் இடது. நாடாளுமன்றக் கீழவை பட்ஜெட்டை மறுத்தாலும் அன்றைய பிரதமர் எஸ்ட்ரூப் 1885-லிருந்து பல வருஷம் தற்காலிகச் சட்டம் போட்டே செலவு செய்தார். 1901-ல்தான் மன்னர் இறங்கிவந்து வென்ஸ்ட்ரேயிடம் ஆட்சியைக் கொடுத்தார். அப்புறம் தொழிலாளர் கட்சியான சோஷியல் டெமாக்ரட்டுகள் வளர்ந்து இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர்ப்பலகை மட்டும் பழைய இடத்திலேயே தொங்குகிறது.

கேள்வி: 'ரடிகாலே வென்ஸ்ட்ரே' அப்போ தீவிர இடதா?

பதில்: பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், அது நடுவாந்தரக் கட்சி! ராணுவச் செலவைக் குறைக்கச் சொல்லி 1905-ல் வென்ஸ்ட்ரேயிலிருந்து பிரிந்தவர்கள். துண்டு நிலம் வைத்திருந்த குடியானவர்களும் கோபன்ஹேகன் படிப்பாளிகளும் சேர்ந்த விசித்திரக் கூட்டு. 1929 முதல் 1940 வரை சோஷியல் டெமாக்ரட்டுகளோடு ஆட்சி. 1968-ல் இவர்களின் பவுன்ஸ்கோர் பிரதமரானது வலதுசாரிகளோடு சேர்ந்து.

கேள்வி: இத்தனை சின்னக் கட்சிக்கு எப்படி அவ்வளவு பிடி?

பதில்: நாடாளுமன்றத்தில் மொத்தம் 179 இடம், 2 சதவீத ஓட்டு வாங்கினால் உள்ளே வரலாம். நூறு வருஷத்துக்கு மேலாக யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஆட்சி. ஆனால் அந்தப் பிடியைக் காட்டினால் சில சமயம் அடியும் விழும். கொரோனா காலத்தில் ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த மிங்க் விலங்குகளையெல்லாம் கொல்லச் சொன்ன அரசு உத்தரவுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தெரிந்ததும், தேர்தல் வை என்று மிரட்டியது ரடிகாலே. 2022-ல் தேர்தல் வந்தது. 16 இடம் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது 7.

கேள்வி: பெட்ரோல் தீர்ந்து ஆட்சி கவிழ்ந்த கதை நிஜமா அண்ணா?

பதில்: பெட்ரோல் தீர்ந்ததாகச் சொன்னது நிஜம், தம்பி! 1973-ல் ஆளுங்கட்சியான சோஷியல் டெமாக்ரட்டுகளின் எம்.பி. எர்ஹார்ட் யாகொப்சென், வீட்டுக்காரர்கள் மீதான வரியில் சொந்தக் கட்சியோடே மோதிக்கொண்டிருந்தார். முக்கிய ஓட்டெடுப்புக்கு அவர் வரவில்லை, கார் வழியில் நின்றுவிட்டதாம். அரசு தேர்தலை அறிவித்தது. அவருடைய புதுக் கட்சியான சென்டர் டெமாக்ரட்ஸ் முதல் தேர்தலிலேயே 14 இடம் பிடித்தது. டேங்க்கை யார் திறந்து பார்த்தார்கள்?

கேள்வி: இரண்டு 'வென்ஸ்ட்ரே' இருந்தால் வாக்காளர் குழம்ப மாட்டாரா?

பதில்: வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஓர் எழுத்து உண்டு. பெரியவர் 'வி' (V), பிரிந்தவர் 'பி' (B).