ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் இன்ஜினுக்கு மூச்சு வழி (பிரீத்தர்): கேள்வி பதில்

காட்பாடி: 1967 பீட்டில், 1500 சிசி இன்ஜின். மொத்தமா பிரிச்சு புது பிஸ்டன் ரிங், கேஸ்கெட் எல்லாம் போட்டாச்சுண்ணா. இருந்தும் ஃபேன் பெல்ட் ஓடற புல்லி பக்கம் ஆயில் ஒழுவுது. சீல் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு.

இல்லாத சீலை எப்படிப்பா மாத்துவாரு? சீல் இருக்கறது ஃப்ளைவீல் பக்கம். கம்பெனிலேர்ந்து வந்த புல்லி பக்கம் ரப்பர் சீலே கெடையாது, உள்ள ஒரு ஸ்லிங்கர் தட்டு, புல்லி கழுத்துல மரை மாதிரி ஒரு காடி, சுத்தும்போது அது ஆயிலை உள்ளயே திருப்பி தள்ளும், ஆனா கிராங்க்கேஸ்ல, அதான் இன்ஜினோட அடிக்கூட்டுல, பிரஷர் ஏறாத வரைக்கும்தான். எந்த இன்ஜினா இருந்தாலும் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் பொகை கீழ எறங்கும், புது ரிங்னா செட் ஆகற வரைக்கும் இன்னும் ஜாஸ்தி. அந்தப் பொகை ஆயில் ஊத்தற கழுத்துலேர்ந்து ஏர் கிளீனருக்குப் போற ஹோஸ் வழியாதான் வெளிய போகணும். ஹோஸைக் கழட்டி ஊதிப் பாரு, மடிஞ்சிருந்தாலோ உள்ள கசடு அடைச்சிருந்தாலோ மாத்து. அப்புறம் ஆயில் 2.5 லிட்டர், அவ்ளோதான். 3.5 ஊத்தற பழக்கம் நம்மூர்ல நெறைய பேருக்கு இருக்கு.

ஆற்காடு: நான் அந்த ஹோஸையே எடுத்துட்டு கழுத்துல குட்டி ஃபில்டர் மாட்டிட்டேன். பாக்க நல்லா கீது.

பாக்க நல்லாதான் இருக்கும். ஏர் கிளீனரோட லேசான இழுவை போச்சே, அத யாரு குடுப்பா?

ஆம்பூர்: ஆற்காட்டுக்காரர் பண்ணது கரெக்டு சார். ஆயில் ஆவி கார்புரேட்டருக்குள்ள போனா பிசுபிசுன்னு ஒட்டும், நாக்கிங்கும் (டொக் டொக்னு தட்டற சத்தம்) வரும்.

ஒட்டும், ஒத்துக்கறேன். நாக்கிங்கும் வரலாம், ஆயில் ஆவி கலந்தா பெட்ரோலோட ஆக்டேன், அதான் தட்டாம எரியற தெறன், கொறையும். ஆனா அவ்ளோ ஆவி வருதுன்னா ரிங்கைப் பாருங்க, இல்ல ஆயில் லெவலைப் பாருங்க. வாயால சண்டை வேணாம். கொத்தனார் வச்சிருக்கற லெவல் டியூப் ஒண்ணு வாங்கி, ஒரு முனையை டிப்ஸ்டிக் ஓட்டைல இறுக்கமா சொருகி, நடுவுல நல்லா கீழ தொங்கற மாதிரி வளைச்சு சாயத் தண்ணி ஊத்தி ஐடில்ல ஓட விடுங்க. தண்ணி இன்ஜின் பக்கம் ஏறினா உள்ள வேக்கம், வெளிப்பக்கம் ஏறினா பிரஷர்.

ராணிப்பேட்டை: எனக்கும் புல்லி பக்கம் ஆயில்...

முதல் பதில்.

குடியாத்தம்: அம்பாசிடருக்கும் இதேதானா?

அது தண்ணில குளிர்ற இன்ஜின், இங்க வேணாம்.

சத்துவாச்சாரி: ஆயில் மூடிக்கு அடில வெள்ளையா, டீ ஏடு மாதிரி கீது. ஹெட் கேஸ்கெட் போச்சா?

பீட்டில் காத்துல குளிர்ற ஏர்கூல்டு இன்ஜின், அதுல ஏதுங்க கூலன்ட் தண்ணி, உள்ள கலக்கறதுக்கு? மார்கழி காலைல மார்க்கெட் வரைக்கும் போய் வந்து நிறுத்திடறீங்க, இன்ஜின் முழுசா சூடாகாம உள்ள ஈரம் படியுது. வாரத்துக்கு ஒரு தடவை ஏலகிரி 14 கொண்டை ஊசியும் ஏத்தி எறக்குங்க. கழுத்துக்குக் கீழ தண்ணி வடியற டியூப் முனைல ஒரு ரப்பர் வாய் இருக்கும், காஞ்சு பிளந்திருந்தா ரோட்டுப் புழுதி அந்த வழியாதான் உள்ள போகும், அதையும் பாருங்க.

பாகாயம்: என் டூ ஸ்ட்ரோக் ஆட்டோவுக்கு பிரீத்தர் எங்கண்ணே?

கெடையாது. அதுல கிராங்க்கேஸ்தான் பெட்ரோல் கலவையை அமுக்கி மேல தள்ளுது, ஓட்டை போட்டா ஸ்டார்ட்டே ஆகாது.

வாணியம்பாடி: புல்லி ஆயில்...

முதல் பதில்! 2.5 லிட்டர்!

ஆற்காடு: டியூப் வச்சு பாத்தேண்ணா. குட்டி ஃபில்டரோட தண்ணி ரெண்டு வெரக்கடை வெளிய தள்ளுது, பழைய ஹோஸ் மாட்டினதும் லேசா உள்ள இழுக்குது.

ஆம்பூர்க்காரர் இருக்காரா?