யானைக்கால் ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் எதுக்கு?

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு வயசு 58. பத்து வருஷமா இடது கால்ல யானைக்கால் வீக்கம். ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை குளிர் நடுக்கத்தோட ஜுரம் வருது, தொடையிடுக்குல நெறி கட்டுது, கால் செவந்து கொதிக்குது. போன வாரம் பாத்த டாக்டர் அமாக்ஸிசிலின் மட்டும் குடுத்தார், புழு மாத்திரை இப்ப வேண்டாம்னுட்டார். இது புழுவால வர்ற நோய்தானே? டாக்ஸிசைக்ளின் ஆறு வாரம் போட்டா வீக்கமே வத்திடும்னு ஒருத்தர் சொல்றாங்க, வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: உங்க டாக்டர் செஞ்சது சரிதாங்க. நோயை ஆரம்பிச்சு வெச்சது புழுதான், ஆனா இந்த ஜுரத்தைக் கொண்டு வர்றது பாக்டீரியா. ஃபைலேரியா புழு கொசு மூலமா உள்ள வந்து நிணநீர்க் குழாய்கள்ல வருஷக்கணக்கா இருந்து அதைக் கெடுத்து வெச்சிடுது, அப்புறம் புழு செத்தே போயிருந்தாலும் குழாய் பழையபடி ஆகறதில்ல, கால்ல நீர் தேங்கிட்டே இருக்கு. நமக்கெல்லாம் விரலிடுக்குல சின்ன வெடிப்பு வழியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரி கிருமி நுழைஞ்சா உடம்பு பெரும்பாலும் தானே சமாளிச்சிரும், அம்மாவோட அந்தக் கால்ல அது முடியாம தோலுக்குள்ள மளமளன்னு பரவிடுது. அதுக்குத்தான் அமாக்ஸிசிலின். ரெண்டு நாள்ல ஜுரம் விட்டுருச்சேன்னு நிறுத்திடாதீங்க, குறைஞ்சது ஒரு வாரம், டாக்டர் எழுதின நாள் வரைக்கும் முழுசா போடணும். அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான், அதனால பென்சிலின் அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, வேற மருந்து இருக்கு. டிஇசி மாதிரி புழு மருந்தை இந்த ஜுர நேரத்துல குடுக்கறதில்ல. காலை உயரமா வெச்சு படுக்கட்டும், ஈரத்துணி போடுங்க, வலிக்கு பாராசிட்டமால் போதும். சூடு ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவுறது வேண்டவே வேண்டாம்.

டாக்ஸிசைக்ளின் பத்தி கேட்டீங்க. இந்தப் புழுவுக்குள்ளயே வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா குடியிருக்கு, அது இல்லாம புழு நல்லா இனப்பெருக்கம் பண்ண முடியாது, நாளடைவுல செத்தும் போயிடும். தினம் 200 மில்லிகிராம் வீதம் 4லேர்ந்து 6 வாரம் குடுத்தா அந்த பாக்டீரியா அழியுது, அதனால உங்ககிட்ட சொன்னவங்க ஒண்ணும் இல்லாததைச் சொல்லல. ஆனா பத்து வருஷத்து வீக்கம் அதால வத்திடும்னு நம்பி இறங்காதீங்க. கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் இது ஆகாது, மத்தவங்களும் நிறைய தண்ணி குடிச்சு முழுங்கணும், போட்டதும் படுத்தா உணவுக்குழாய் புண்ணாகும், வெயில் பட்டா தோல் எரியும், இரும்பு கால்சியம் மாத்திரையோட சேத்துப் போட்டா மருந்து உடம்புல சேராது. நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, அவங்க டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை வருதுன்னா கிருமிக்கு வாசல் எங்கயோ திறந்தே இருக்குன்னு அர்த்தம். இன்னிக்கே நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு விரலிடுக்கையும் விரிச்சுப் பாருங்க, அனேகமா வெள்ளையா ஊறிப்போய் சேத்துப்புண் இருக்கும். தினமும் சோப்பும் சாதாரண தண்ணியும் போட்டுக் கழுவி, மடிப்புகள், இடுக்குகள் எல்லாம் துணியால ஒத்தி ஒத்தி ஈரமே இல்லாம துடைச்சு, பூஞ்சை க்ரீம் தடவுங்க. தேய்ச்சுத் துடைக்காதீங்க, அதுலயே தோல் பிஞ்சிடும். இதை மட்டும் விடாம செஞ்சே ஜுரம் வர்றது வெகுவா குறைஞ்சவங்க நிறைய பேர். அப்படியும் வந்துட்டே இருந்தா மூணு வாரத்துக்கு ஒருதடவை போடற பென்சாத்தீன் பென்சிலின் ஊசி இருக்கு, கேட்டுப் பாருங்க.

மாத்திரை ஆரம்பிச்சு ஒரு நாள் ஆகியும் செவப்பு மேல ஏறிட்டே போனாலோ, வாந்தி நிக்காம மருந்து உள்ள தங்கலன்னாலோ, அம்மா பேச்சு குழறி மயக்கமா கிடந்தாலோ வீட்ல வெச்சுப் பாக்காதீங்க, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க, அப்ப ஆன்டிபயாடிக் ஊசியா நரம்புல ஏத்த வேண்டியிருக்கும்.