பாடிங்டன்ஸும் ஹார்லிக்ஸ் வாசனையும் – கடிதம்

அண்ணா வணக்கம்,

சால்ஃபோர்ட் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. மான்செஸ்டர்ல இருந்தப்போ ஆபீஸ் விட்டதும் பாடிங்டன்ஸ்ங்கிற பீர் குடிக்கப் போவோம்னு முன்னாடி எழுதியிருந்தீங்கல்ல, சரி நம்மளும் பாப்போம்னு சூப்பர்மார்க்கெட்ல அந்த மஞ்ச கேன் நாலு வாங்கிட்டு வந்தேன். தப்பா நெனைக்காதீங்க, சோப்புத்தண்ணி மாதிரி இருக்கு. கூட வேலை பாக்குற வெள்ளைக்கார பெருசு ஒருத்தர்கிட்ட சொன்னா, அது பாடிங்டன்ஸே இல்லைன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பொலம்புறாரு. ஒரு பீருக்கு எதுக்குண்ணா இவ்ளோ? நம்மூர்ல ஒரு பிராண்டு வரலைன்னா இருக்கிறத குடுங்கன்னு வாங்கிட்டு போயிட்டே இருப்போம்.

– க., சால்ஃபோர்ட்

அன்புள்ள க.,

சோப்புத்தண்ணின்னு சொன்னதுக்கு எனக்கு கோவமே வரல, ஏன்னா நான் குடிச்சதும் கிட்டத்தட்ட அதுதான். 1997ல நான் அங்க போய் இறங்குனப்போ பாடிங்டன்ஸ் உச்சத்துல இருந்துச்சு, 'மான்செஸ்டரின் கிரீம்'னு டிவியில விளம்பரம், ஊர் பெருமையே அதுதான்னு நம்பி நானும் குடிச்சேன். ஒருநாள் பப்ல பக்கத்துல உக்காந்திருந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருத்தர் என் கிளாஸையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, இருபத்தஞ்சு வருஷம் லேட்டா வந்துட்டியேன்னாரு.

அவர் சொன்ன பழைய 'பாடீஸ்' வெளிர் வைக்கோல் நிறம், நல்ல கசப்பு. வேப்பம்பூ ரசம் பிடிச்சுப்போனவனுக்கு மத்த ரசம் சப்புன்னு இருக்கும்ல, அந்த மாதிரி ஒரு பழக்கம். கசப்பு கொறைஞ்சிடுச்சுன்னு 80கள்லயே ஆளுங்க பொலம்ப ஆரம்பிச்சுட்டாங்க, கம்பெனி மூடுறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே.

அந்த நுரை விஷயத்தையும் சொல்லிடுறேன். பப்ல காஸ்க் பீர்னா பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கும், நம்மாளு கேக்குற 'கூலிங்' இருக்காது, பானைத்தண்ணி குளிர்ச்சிதான். அதை கையால பம்ப் பண்ணி ஊத்துவாங்க, வட இங்கிலாந்துல அந்த பம்ப் மூக்குல ஸ்பார்க்லர்னு பொடி ஓட்டை போட்ட மூடி ஒண்ணு மாட்டியிருப்பாங்க, டீ மாஸ்டர் தூக்கி ஆத்துனா எப்படி நுரை கட்டுமோ அப்படி கட்டும். உன் மஞ்ச கேனுக்குள்ள குலுக்கிப் பாத்தா ஒண்ணு கடகடன்னு உருளும் பாரு, அந்த நுரைய நைட்ரஜன் வெச்சு கேன்ல கொண்டுவர்றதுக்கான ஐட்டம் அது. நுரை வந்துச்சு, அதுக்குக் கீழ இருக்க வேண்டியதுதான் வரல.

கதைக்கு வர்றேன். மான்செஸ்டர்ல ஸ்ட்ரேஞ்ச்வேஸ்ங்கிற எடத்துல அந்த ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சுற ஆலை, தொடங்குனது 1778. 1832ல சேல்ஸ் ஆளா உள்ள வந்த ஹென்றி பாடிங்டன் 1853ல முதலாளியே ஆயிட்டாரு. 1940 டிசம்பர்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டான், அதுக்கும் தப்பிச்சு நின்னுச்சு. 1970 வாக்குல அல்லைடு ப்ரூவரிஸ்ங்கிற பெரிய கை வளைச்சுப்போட பாத்தப்பவும் குடும்பம் அசையல. அப்படிப்பட்டவங்க 1989ல அவங்களாவே ப்ரூவரிய விட்பிரெட்ங்கிற பெரிய பீர் கம்பெனிக்கு 5 கோடி பவுண்டுக்கு கொஞ்சம் மேல வித்துட்டாங்க. பப்புகள மட்டும் கையில வெச்சுக்கிட்டாங்க.

என்னைக் கேட்டா சாவு அன்னிக்கே எழுதியாச்சு. அங்க பல பப் ப்ரூவரிக்கே சொந்தம், ஆவின் பூத்ல ஆவின் பால் விக்கிற மாதிரி அவங்க பீர்தான் அங்க ஓடும், இன்னிக்கு பீப்பாய் சரியில்லைன்னா நாளைக்கு காலையில ப்ரூவரிக்கு சேதி போயிடும். அந்த கயிற அறுத்துவிட்டதுக்கப்புறம் பீர் ஒரு பக்கம் பப் ஒரு பக்கம். பப்புகள 1995ல கிரீனால்ஸ் வாங்குனாங்க. அவங்களும் பழைய ப்ரூவரிக்காரங்கதான், 1991லயே பீர் காய்ச்சுறத விட்டுட்டு பப் வியாபாரம் மட்டும் பாத்துட்டு இருந்தாங்க, கடைசியில அவங்களும் 1999ல பப்புகள வித்துட்டு கெளம்பிட்டாங்க. மலிவு கேன், 2007ல வந்த சிகரெட் தடைனு பப்புகளுக்கு வேற அடிகளும் விழுந்துச்சு, அதெல்லாம் உனக்கே தெரிஞ்சிருக்கும்.

பீர் பக்கம், 2000ல விட்பிரெட்கிட்ட இருந்து பெல்ஜியம்காரன் இன்டர்ப்ரூ வாங்குனான், 2005 பிப்ரவரியில ஸ்ட்ரேஞ்ச்வேஸ மூடிட்டான். காஸ்க மட்டும் மாஸ் சைடுல ஹைட்ஸ் ப்ரூவரியில போட்டாங்க, 2012ல அதுவும் நின்னுச்சு. ப்ரூவரி இருந்த எடத்துல இப்போ காலேஜ்.

நீ கேட்ட கேள்வி, எதுக்கு இவ்ளோன்னு. நான் சீத்தம் ஹில்ல குடியிருந்தேன், விக்டோரியா ஸ்டேஷன்ல எறங்கி நடந்தா ஒரு பக்கம் ஜெயில் கோபுரம் தெரியும், இன்னொரு பக்கம் ப்ரூவரி புகைபோக்கி. காய்ச்சுற நாள்ல ரோடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை, நெஜமாவே ஹார்லிக்ஸ், ரெண்டும் மால்ட்தானே, மொளகட்டுன தானியம். குளிர்ல, தனியா, ஊர் ஞாபகத்தோட நடக்குறவனுக்கு அது அம்மா டம்ளர்ல கலக்கிக் குடுத்த மாதிரி. பீர் குடிக்காதவனுக்கும் அந்த வாசனை உண்டு. மூடுனதுக்கப்புறம் ஒரு வருஷம் அதே ரோட்ல நடந்தேன், டீசல் புகை மட்டும்தான்.

ஒரு நல்ல சேதி. 2025ல மிடில்டன் பக்கம் ஜே.டபிள்யூ. லீஸ்ங்கிற ப்ரூவரி பாடிங்டன்ஸ் காஸ்க திரும்ப காய்ச்ச ஆரம்பிச்சிருக்காங்க. பேரு இன்னும் வெளிநாட்டு கம்பெனிகிட்டதான், ஆனா லீஸ் 1828லேர்ந்து ஒரே குடும்பம், சொந்தமா நூத்துக்கு மேல பப் வெச்சிருக்காங்க, எனக்கு அந்தப் பப்புகதான் முக்கியமா படுது. சனிக்கிழமை உன் ஆபீஸ் பெருசையும் கூட்டிட்டுப் போ, காஸ்க்னு கேட்டு வாங்கு, கேன் நெனப்புல மடக்குன்னு குடிச்சிடாத. மொத வாய் குடிச்சதும் அவர் மூஞ்சி எப்படி போச்சுன்னு எனக்கு எழுது.