தையல்காரரும் கற்பிக்கலாம்

கேள்வி: முதலாம் வகுப்புப் பேத்தி ஆங்கில எழுத்துகளைச் சொல்கிறாள், சேர்த்து வாசிக்கத் திணறுகிறாள். அந்தக் கால இங்கிலாந்தில் எப்படிக் கற்பித்தார்கள், ஐயா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, 16ஆம் நூற்றாண்டில் அங்கே பிள்ளை கையில் கைப்பிடி வைத்த சிறு பலகை இருக்கும். அதில் ஒட்டிய எழுத்துத் தாள் அழுக்காகாமலிருக்க, மேலே கண்ணாடிபோல் இழைத்த மாட்டுக்கொம்புத் தகடு. எழுத்து முடிந்ததும் சொல்லுக்குத் தாவவில்லை. ‘அப், எப், இப்’ என அசைகளை உரக்கச் சொல்லவைத்தார்கள். தோட்டப் பள்ளியில் மலாய் வாசிப்பை நானும் ‘பா, பி, பு’ என்றுதான் தொடங்கினேன்.

எனக்கு மிகப் பிடித்தது, 1596இல் எட்மண்ட் கூட் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் எழுதிய பாடநூல். தையல்காரர், நெசவாளர், கடைக்காரர்கூட வேலை பார்த்தபடியே கற்பிக்கட்டும் என்று எழுதினார். நீங்களும் சமைத்துக்கொண்டே தினமும் நாலு அசை சொல்லிக்கொடுங்கள். எழுத்துக்கூட்டல் சோதனை இப்போது வேண்டாம்.