காலில் உறைந்த கட்டி மூளைக்குப் போகுமா?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. பிரஷர், சீனி ஒன்றும் இல்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த மறுநாள், பாரமான பெட்டியொன்றைத் தூக்கும்போது வலது கை சோர்ந்து வாய் குழறியது. பாரிசவாதமாம். இதயத்தில் சிறு துவாரம் இருக்கிறது, காலில் உறைந்த கட்டி அதனூடாக மூளைக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள். இப்படியும் நடக்குமா? அவன் சிலிண்டர் கட்டிச் சுழியோடிச் சங்கு எடுப்பவன். திரும்பக் கடலுக்குப் போகலாமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: நடக்கும், சகோதரி. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சுவாசப்பையில் வேலை இல்லை. அதனால் குருதி இதயத்தின் வலது மேலறையிலிருந்து நேரே இடது மேலறைக்குப் போக ஒரு வழி உண்டு. பிறந்தபின் அது ஒட்டிவிட வேண்டும். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முழுதாக ஒட்டுவதில்லை; அதுதான் இந்தத் துவாரம். இடப்பக்க அழுத்தம் கூட என்பதால் அதன் மடல் பெரும்பாலும் மூடியே கிடக்கும். முக்கினாலோ இருமினாலோ பாரம் தூக்கினாலோ வலப்பக்க அழுத்தம் ஏறி, மடல் திறக்கும். மணிக்கணக்காக அசையாமல் இருந்ததில் கெண்டைக்கால் நாளத்தில் உறைந்த கட்டி அந்த நேரம் பார்த்து வந்தால், சுவாசப்பையில் சிக்க வேண்டியது இடப்பக்கம் தாண்டிவிடும். பிறகு மூளை, சிறுநீரகம், மண்ணீரல், கைகால் நாடி என்று எங்கும் போய் அடைக்கலாம்.

ஆனால் துவாரம் இருக்கிறது என்பதற்காகப் பழியை அதன்மேல் போட்டுவிடக் கூடாது. கழுத்து நாடி ஸ்கேனும், துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டரும் அவசியம். கால் நாளங்களில் குருதி ஓடுவதைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனை உடனே எடுங்கள். பிந்தினால் கட்டி கரைந்து ஆதாரம் இல்லாமல் போகும். துவாரத்தைக் கண்டுபிடிக்கும் குமிழிச் சோதனையில் 9 மில்லிலீற்றர் சேலைனையும் 1 மில்லிலீற்றர் காற்றையும் இரண்டு சிறிஞ்சுகளுக்கிடையே மாறிமாறித் தள்ளி நுரைக்கவைத்து, கை நாளத்தில் ஏற்றுவார்கள். வலது மேலறை நிறைந்து 3 துடிப்புக்குள் இடப்பக்கம் குமிழி வந்தால் வழி இந்தத் துவாரம்தான். பிந்தி வந்தால் சுவாசப்பைக்குள் வேறு குறுக்குவழியைத் தேட வேண்டும். நோயாளியை முக்கச் சொல்லாமல் செய்த சோதனையில் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அதை முடிவாக எடுக்காதீர்கள்.

காலில் கட்டி இருந்தால் குருதி உறையாமலிருக்க மருந்து, குறைந்தது 3 மாதம். எப்போது தொடங்குவது என்பதை மூளை ஸ்கேனைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். அவசரப்பட்டால் அடைபட்ட இடத்திலேயே குருதி கசியலாம். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு வேறு காரணம் அகப்படாவிட்டால், தொடை நாளம் வழியாக இரட்டைத் தட்டுக் கருவியைச் செலுத்தித் துவாரத்தை அடைக்கலாம். அது மறு தாக்குதலைக் குறைக்கிறது என்பதை 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சிலருக்குப் பிறகு துடிப்பு தாறுமாறாகலாம். மீண்டும் முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம்.

சுழியோடல் இப்போது வேண்டவே வேண்டாம். மேலே ஏறும்போது நாளங்களில் உண்டாகும் நைதரசன் குமிழிகளைச் சுவாசப்பை வடிகட்டிவிடும்; துவாரம் இருந்தால் அவையும் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் போய்விடும். அடைத்தபின் சில மாதம் பொறுத்து, குமிழிச் சோதனையைத் திரும்பச் செய்து, முற்றாக மூடியது உறுதியானால் மருத்துவரிடம் கேட்கலாம். அப்போதும் கனநேரம் ஆழத்தில் நின்று விறுக்கென மேலே வந்தால், துவாரம் இல்லாதவனுக்குக் குமிழிகளால் வரும் அதே வாதம் அவனுக்கும் வரலாம்.