காலையில் மூன்று பேருக்கு மட்டும்

கேள்வி: அக்கா, ஈரோட்டில் சம்பத் நகர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். இரண்டு சம்பளமும் சேர்ந்து 36,000 வருகிறது. அதில் சாப்பாட்டுக்கு மட்டுமே 15,000 போய்விடுகிறது. வாரம் மூன்று பாக்கெட் மாவு, ஒவ்வொன்றும் 45 ரூபாய். புதனும் சனியும் என்னால் முடியாமல் ஹோட்டல் பார்சல், ஒரு தடவைக்கு 400 ஆகிறது. ரேஷன் அரிசி வாங்குகிறோம், ஆனால் வாடை வருவதால் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடுவோம். மகள் ஏழாவது படிக்கிறாள். பையன் அரசுப் பள்ளியில் மூன்றாவது, காலைச் சாப்பாடு அங்கேயே கிடைத்துவிடுகிறது. மாமனாருக்கு 71 வயது. மாமியார் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. விடிகாலையிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பேக்கரியில் டீயும் இரண்டு பன்னும் முடித்துவிட்டு வந்துவிடுவார். அதற்கென்று வாரம் 300 ரூபாய் கொடுத்துவிடுகிறோம். ஆக, காலையில் மூன்று பேருக்குத்தான் செய்ய வேண்டும். அதற்கே மூச்சு முட்டுகிறது. அரை மணி நேரத்தில், அதிகச் செலவில்லாமல் செய்கிற மாதிரி ஒரு வாரத்துக்குச் சமையல் பட்டியல் போட்டுக் கொடுங்கள்.

பதில்: அக்கா என்று எழுதியிருக்கிறாய், அந்த உரிமையில் ஒருமையிலேயே பேசுகிறேன் அம்மணி.

வருடா வருடம் ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்டி முடித்த கையோடு இந்தக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும். அரை மணி நேரம், குறைந்த செலவு, ஒரு வாரப் பட்டியல் என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான். நானும் பட்டியல் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டேன். யாரும் அதைப் பார்த்துச் சமைப்பதில்லை. வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள், மூன்றாம் நாள் அதன்மேல் கேஸ் பில் ஏறிவிடும். உனக்கும் நாலைந்து பண்டம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் விடப்போவதில்லை.

"காலையில் மூன்று பேருக்குத்தான் செய்ய வேண்டும்."

வீட்டில் இருப்பது ஐந்து பேர். சின்னவனைக் கழித்தாய், சரி. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அவனுக்குப் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சூடாகக் கிடைக்கிறது. அடுத்துக் கழித்தது யாரை? அவருக்கு எந்தத் திட்டம்? எட்டு வயதுப் பிள்ளை பசியோடு உட்காரக் கூடாது என்று கவர்மெண்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது. 71 வயது ஆள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டில் பேக்கரி பெஞ்சைத் தேடிப் போகிறார், அது உனக்குத் 'தொந்தரவு இல்லை' என்று படுகிறது.

மாமியார் இருந்தபோது அவர் பேக்கரியில் பன் தின்றாரா? நீ அதை எழுதவில்லை. நானே சொல்கிறேன், தின்றிருக்க மாட்டார். அந்த அம்மா ஐந்து மணிக்கு எழுந்து எதையோ கரைத்தோ கலக்கியோ கொடுத்திருப்பார். அவர் போனதோடு அந்த ஐந்து மணி அடுப்பும் போய்விட்டது. இப்போது உங்கள் அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றுகிறது? ஏழு? ஏழரை? வயதானவர்களுக்கு நாலரைக்கே முழிப்பு வந்துவிடும். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாமல்தான் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். 'காலையில் எனக்குப் பசிக்கிறது' என்று மருமகளிடம் சொல்ல அந்தத் தலைமுறை ஆம்பிளைகளுக்கு வாய் வராது. அவர் கேட்காததை நீ அவருடைய நல்ல குணத்தில் சேர்த்துவிட்டாய்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஒரு பக்கம் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுக்கிறீர்கள். மறுபக்கம் மைதா பன்னுக்கும் சீனி போட்ட டீக்கும் காசு கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒரே பர்ஸிலிருந்து போகிறது. போதாக்குறைக்குச் சில சர்க்கரை மாத்திரைகள் உண்டு, அதைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், உடம்பு வேர்த்துக் கொட்டும், சிலர் மயங்கி விழுந்துவிடுவார்கள். ஒரு நாள் பேக்கரி திறக்கவில்லை என்றால் அவர் கதி என்ன? இந்த வாரமே மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், எத்தனை மணிக்கு மாத்திரை, அதற்கு எவ்வளவு நேரத்துக்குள் சாப்பாடு என்று கேட்டு எழுதி வாங்கி வா. நீ போக வேண்டாம். உன் வீட்டுக்காரர் போகட்டும்.

அவருக்கும் இரண்டு வார்த்தை இருக்கிறது, இந்தப் பக்கத்தை மடக்காமல் சாப்பாட்டு மேசையில் வை. தம்பி, அது உன் அப்பா. மருமகளுக்குக் கடமை இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம், மகனுக்கு இருக்கிறது. வாரம் 300 ரூபாய் கொடுத்தால் அது தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறாயா? சனிக்கிழமை கூலி கொடுக்கிற மாதிரி கொடுக்கிறாய். ஒரு முட்டை வேகவைக்கப் பத்து நிமிஷம். அதற்கு உனக்குக் கை வராதா? இரவு லேட்டாக வருகிறேன் என்று சொல்வாய். அலாரம் வைத்து எழுந்து, கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள், யார் வேண்டாம் என்றது?

என் மாமனார் ஐந்து மணிக்கு டம்ளரைத் திண்ணையில் டொக்கு டொக்கென்று தட்டுவார். பன்னிரண்டு வருடம் திட்டிக்கொண்டேதான் கம்பங்கூழைக் கரைத்துக் கொடுத்தேன். அன்பெல்லாம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. அன்பு வந்தபிறகு செய்யலாம் என்று இருந்திருந்தால் அந்த மனுஷன் பட்டினிதான் கிடந்திருப்பார்.

சரி, செலவுக்கு வருவோம். பார்சல் மாதம் 3,200. மாவு பாக்கெட் 540. பேக்கரிக்கு 1,200. இந்த மூன்றும் சேர்ந்து ஐந்தாயிரத்துக்கு அறுபது ரூபாய்தான் குறைவு. சாப்பாட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, சமைக்காததற்குக் கொடுக்கிற காசு. காய்கறிக் கடைக்காரனிடம் கொசுறுக் கறிவேப்பிலைக்குச் சண்டை போட்டு இதை ஈடுகட்ட முடியாது.

முதலில் மாவு. மாட்டுக்குப் போகிற புழுங்கலரிசியை நிறுத்து. சோறாக்கினால்தான் அந்த வாடை. நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, ஊறவைத்து, உளுந்தோடு ஆட்டிப் புளிக்கவிட்டால் வாடை இருந்த இடம் தெரியாது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். அரிசிக்கு விலையில்லை, உளுந்துக்கு மட்டும்தான் காசு. துவரம் பருப்பு ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதையும் விட்டுவிடாதே.

பார்சல் வாங்குகிற புதன்கிழமைக்கு அரிசிம்பருப்புச் சோறு. ஈரோட்டில் இருந்துகொண்டு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறதே! இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு, ஏழு டம்ளர் தண்ணீர். குக்கரிலேயே எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, இரண்டு தக்காளி. மஞ்சள்தூள், உப்பு, பிடித்தால் கொஞ்சம் தேங்காய்த் துருவல். மூன்று விசில். மேலே அரை ஸ்பூன் நெய், பக்கத்தில் தயிர். பார்சல் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்புகிற நேரம்கூட ஆகாது.

கொள்ளு மிகவும் மலிவு, ஒரே வேகவைப்பில் இரண்டு பண்டம் கிடைக்கும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஆறேழு விசில் விடு. வடித்த தண்ணீரில் புளி கரைத்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளை வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி விதையோடு வதக்கி அரைத்தால் சோற்றில் பிசைந்து சாப்பிடக் கொள்ளுப் பருப்பு. பச்சைப் பயறுக்கு ஊறலும் வேண்டாம். லேசாக வறுத்து நாலு விசில் விட்டுக் கடைந்தால் சோற்றுக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயில் பூண்டு போட்டு ஒரு புளிக்குழம்பைச் சுண்ட வைத்துவிடு, புதன் வரைக்கும் தாங்கும். மற்றபடி கீரை, முட்டை, மோர்க்குழம்பு எல்லாம் உனக்கே தெரியும்.

விடிகாலைக்கு மாமனாருக்கு என்ன? முந்தின நாளே வேகவைத்த பச்சைப் பயறு ஒரு கிண்ணம், வெங்காயம் போட்டுத் தாளித்து வைத்துவிடு. கூட ஒரு முட்டை. கூழ் பழகியவர் என்றால் ராகிக் கூழில் மோர் ஊற்றி ஒரு டம்ளர். ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதே, அதுவும் மாவுச்சத்துதான், ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டீ வீட்டிலேயே, சீனி இல்லாமல். ஃபிளாஸ்க்கில் ஊற்றி அவர் கட்டில் பக்கத்தில் வைத்தால் நீ நாலரைக்கு எழ வேண்டிய அவசியமும் இல்லை. இதற்கெல்லாம் சேர்த்து நாளைக்கு 20 ரூபாயே அதிகம். பேக்கரிக்குப் போவதையும் தடுக்காதே. அந்தப் பெஞ்சில் அவருக்கு நாலு சேக்காளிகள் இருப்பார்கள், பேப்பர் இருக்கும். வயிறு நிறைந்த பிறகு போய் உட்காரட்டும், அவ்வளவுதான்.

இனி நீ கேட்காத ஒன்று. சம்பத் நகர் உழவர் சந்தை உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இதற்கு ஒரே வழக்கம்தான், விடிகாலையில் விவசாயியே நேரில் கொண்டு வந்து வைப்பார், விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். நீ கடை முடிந்து ராத்திரி எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் வாடின கீரையை இரட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறாய். உன் வீட்டில் ஒருத்தர் தினமும் அதே விடிகாலையில் அதே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். அவர் கையில் ஒரு பையும் 100 ரூபாயும் கொடுக்க ஒன்றரை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. எந்தக் கீரை இளசு, எந்தக் கத்தரிக்காய் முற்றல் என்று உன்னைவிட அவருக்குத் தெரியும். வாங்கி வந்த கீரையை ஆய்ந்து வைப்பார், சின்ன வெங்காயம் உரித்து வைப்பார். அரை மணி நேரத்தில் சமைக்க வேண்டும் என்றாயே, அரை மணி நேரம் போதாமல் போவதே இந்த ஆய்கிற, உரிக்கிற வேலையால்தான். உன் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வை, ஏழாவது படிக்கிறவளுக்கு உரிக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது படிக்கிற பையனுக்கும்தான், அவனை விட்டுவிடாதே.

ஆனால் வரிசை மாறக் கூடாது, சொல்லிவிட்டேன். முதலில் ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு. பையும் காசும் அதற்கு அடுத்த வாரம். மாற்றிச் செய்தால், சோறு போட்டதே எடுபிடி வேலைக்குத்தான் என்று அவருக்குத் தோன்றிவிடும். அப்படித் தோன்றினால் தப்பும் இல்லை.

இன்று ராத்திரி கொள்ளு ஊறப்போடு. ஒரு டம்ளர், நிறைய எடுத்துக்கொள். ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும்.