உடற்கல்வியியல் கல்லூரியில் விளையாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

தம்பி கபடி ஆடுகிறான், பிளஸ் டூ முடித்துவிட்டான், உடற்கல்வியில் சேர்க்கலாமா, அங்கே போயும் விளையாடத்தானே போகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது என் அப்பாவும் இதையேதான் கேட்டார். இப்போது நான் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர்.

முதல் வாரம் எங்கள் கையில் பந்தே தரவில்லை. கயிறு, முளைக்குச்சி, அளவு நாடா, ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, அவ்வளவுதான். டிராக் போடச் சொன்னார்கள். 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், லேன் அகலம் 1.22 மீட்டர். வெளி லேனில் ஓடுகிறவனுக்கு வளைவில் தூரம் கூடிவிடும். அதனால் 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாவது லேன்காரனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இதுதான் ஸ்டேக்கர். 200 மீட்டருக்கு ஒரு வளைவுதான், ஆகவே இதில் பாதி. அந்தப் பாதியை மறந்து ஒருமுறை 400-க்கான கோட்டிலேயே 200 ஓடவிட்டேன். ஆறாவது லேனில் நின்ற பையன் கிட்டத்தட்ட 19 மீட்டர் குறைவாக ஓடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முதலில் வந்தான். வகுப்பே சிரித்தது, நான் மறுநாள் காலை தனியாக முழு டிராக்கையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

அப்புறம் எலும்பு, தசை, இதயத் துடிப்பு என்று உடற்கூறும் உடலியங்கியலும் வரும். கணுக்கால் பிசகினால் என்ன செய்வது என்பதும் உண்டு. கற்பித்தல் பயிற்சியில் எனக்கு விழுந்த முதல் திட்டு, பிள்ளைகளைச் சூரியனைப் பார்க்க நிறுத்தியதற்காக. வெயில் நம் முகத்தில்தான் அடிக்க வேண்டும், அவர்கள் முகத்தில் அல்ல. இன்றுவரை விசிலை எடுக்குமுன் வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் நிற்கிறேன்.

இந்தப் படிப்புக்கு நம் ஊரில் வயது நூறு தாண்டிவிட்டது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போய்வந்தவர்கள் பலர் அந்த மைதானத்தை மிதித்திருப்பார்கள், கல்லூரியை எட்டிப்பார்த்திருக்க மாட்டார்கள்! நான் படித்தது அங்கே இல்லை, வேறு மாவட்டத்தில். ஆனால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப்பேர் அங்கே படித்துவிட்டு வந்தவர்கள்.

சரி, உங்கள் தம்பி விஷயம். பிளஸ் டூ முடித்தவர் நேராக பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு) சேர முடியாது, அது பட்டம் முடித்தபின் 2 வருடம். இப்போது அவர் பார்க்க வேண்டியது பி.பி.இ.எஸ். என்ற 3 வருட உடற்கல்விப் பட்டப்படிப்பு. பள்ளி வேலைக்குப் போவதென்றால் அதோடு நிறுத்தாமல் பி.பி.எட்.டும் முடிக்க வேண்டும். இன்னொன்று, பிசியோதெரபிஸ்ட் ஆகவேண்டும் என்ற எண்ணத்தில் இதில் சேர்ந்துவிடாதீர்கள். அது பி.பி.டி., மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனிப் படிப்பு. என் செட்டிலேயே இரண்டு பேர் இதைச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

கபடி நன்றாக ஆடுவது சேர்க்கையில் உதவும். காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பாரா என்பதை மட்டும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.